பதினாலு மாதம் என்று சொன்னவள்

செவ்வாய்க்கிழமை கோயில் மணி அடித்தது. நம் தோட்டத்துக் கோயிலுக்கு மணி கிடையாது. ரயில் தண்டவாளத் துண்டு ஒன்றைச் சவுக்கு மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அந்த இரும்பு சத்தம் போட்டால் அது ஒரே ஒரு சேதிக்குத்தான். நான் பழைய மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நிரையில் நின்ற பாக்கியம், "யாருக்கோ முடிஞ்சிருச்சு" என்றாள். யாருக்கு என்று எனக்குத் தெரியும். முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

நான் கையை நிறுத்தவில்லை. கூடை நிரம்புகிற வரைக்கும் எடுத்துவிட்டுத்தான் இறங்கினேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பாக்கியம் இதைத் தோட்டம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. "நாத்தனாருக்கு மணி அடிக்குது, இவ பாட்டுக்குக் கொழுந்து பறிக்கிறா, என்ன பொம்பளையோ" என்று. பறித்தேன். உண்மைதான்.

இறந்தவள் எஸ்தர். என் கணவர் யாக்கோபின் தங்கை. லயத்து வீட்டு வரிசையில் எங்கள் காம்பராவுக்கு அடுத்த காம்பரா அவளுடையது, நடுவில் ஒரே சுவர். அவளுக்குப் பிள்ளை இல்லை. உறவு என்று இந்தத் தோட்டத்தில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். அதனால் போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டு, நினைவு ஆராதனைக்கு அச்சடிக்கிற தாளில் அவளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார். "நான் நாலாம் வகுப்புங்க" என்றேன். "பரவாயில்லை, உள்ளதை எழுதுங்கள். கடைசியில், எஸ்தரை மன்னித்துவிட்டேன் என்றும் ஒரு வரி எழுதுங்கள். சபைக்கு ஆறுதலாக இருக்கும்" என்றார்.

சபைக்கு ஆறுதலாக எழுத எனக்குத் தெரியாது. உள்ளதை எழுதத் தெரியும். வாசித்துவிட்டு யாரும் என் வாசலுக்கு வரவேண்டாம்.

எஸ்தருடைய புருஷன் தாவீது. நிழல்மரம் கிளை கழிக்கும்போது கிளை முறிந்து மேலே விழுந்து இறந்தவர். இலங்கைக்குச் சுதந்திரம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால். பிணத்தைக் கொண்டுவந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடத்தினார்கள். லயத்துப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். இவள் தலைமாட்டில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் ஓடியது, வாய் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊரே அழும்போது கட்டினவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன பேசுவார்கள்?

"ஏண்டி கல்லு மாதிரி உக்காந்திருக்க? வாய் விட்டு அழுடி" என்றேன்.

"அவரு ஊருக்கு முன்னால போயிருக்காரு மதினி. நானும் பின்னால போறவதான். அதுக்கு எதுக்கு மாரடிக்கணும்?"

"ஊருக்குப் போறவன் கடுதாசி போடுவான். ஒம் புருஷன் போடுவானா?"

இப்படிக் கேட்டேன். தாவீது உடம்பில் சூடு கூட முழுதாக ஆறவில்லை. சுற்றி இருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் மடியில் இருந்த வேதபுத்தகத்தைத் தொட்டுக் காட்டினாள். "கடுதாசி முன்னமே வந்திருச்சு மதினி. நாமதான் வாசிக்காம வச்சிருக்கோம்."

அவள் விசுவாசம் எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அவள் கடவுளிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதில்லை. விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் சத்தமாக ஜெபிப்பாள். ஜெபத்தில் பேர்கள்தான் வரும். இன்னார், இன்னார், இன்னார் என்று. கேட்டதைக் கொடுக்காத சாமியை எதற்குக் கும்பிடுகிறாய் என்று ஒரு தடவை பாக்கியம் கிண்டல் செய்தாள். பாக்கியம் மாரியம்மனைக் கும்பிடுகிறவள், அவள் அம்மனும் அப்படியொன்றும் கொட்டிக் கொடுத்துவிடவில்லை. எஸ்தர் சிரித்தாள். "நான் வேலை செஞ்சதுக்கு இவ்வளவுன்னு அளந்து போட்டா அவரு சாமியில்ல பாக்கியம், கணக்கப்பிள்ளை" என்றாள். நிரை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, அவர் பின்னால்தான் நின்றிருந்தார்.

தாவீதை அடக்கம் செய்து ஒரு வாரத்தில் இந்தியாவிலிருந்து தந்தி வந்தது. என் மாமியார் திருச்சிப் பக்கத்தில் எங்கள் ஊரில் தனியாக இருந்தார், படுத்துவிட்டார் என்று. என் கணவர் புறப்பட்டார். ஒரு மாதத்தில் வருகிறேன் என்று போனவர். கிழவி லேசில் போகவில்லை. போன பிறகு இவருக்குக் காய்ச்சல். இங்கே தாவீதின் முதலாம் வருஷ ஜெபம் வந்தது. கல்லறைக்கு வைக்கிற கல்லைத் தூக்க அண்ணன் இல்லையே என்று எஸ்தர் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினாள். அதற்கும் இரண்டு மாதம் கழித்துத்தான் என் கணவர் வந்தார். ஒரு மூட்டைப் புளியும், எலும்பும் தோலுமாக ஓர் உடம்பும்.

இந்த மாதக் கணக்கை மறந்துவிடாதீர்கள். எங்கள் தலையெழுத்து இதில்தான் இருந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்தது. நமக்கு நிரப்பச் சொல்லி ஒரு பாரம் வந்தது. நீ இந்த நாட்டுக்காரன்தான் என்று நீயே எழுதிக்கொடுத்து நிரூபி என்றார்கள். இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்திருக்க வேண்டும், ஊருக்குப் போயிருந்தாலும் ஒரே போக்கில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. மலையில் கல்லையும் அட்டையையும் மிதித்து ரோட்டுப் போட்டது, பாட்டன் பூட்டன் இந்த மண்ணில் மக்கிப்போனது, அதெல்லாம் பாரத்தில் கேட்கவில்லை. மாதம்தான் கேட்டார்கள். என் கணவர் கைக்குழந்தையாக வந்து ஏறிய மலை இது. அவருக்கு இடையில் பதினாலு மாதம். இரண்டு மாதம் கூட.

எல்லோரும் எதையோ மறைத்துத்தான் எழுதினார்கள். நம் சபை மூப்பரும் எழுதினார். அவர் ஒன்றரை வருஷம் ஊரில் இருந்து கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவர். பாரத்தில் ஏழு மாதம் என்று எழுதி, விசாரணையில் வேதத்தின் மேல் கை வைத்து ஏழு மாதம் என்றே சொல்லி, பிரஜாவுரிமை வாங்கினார். அடுத்த ஞாயிறு உண்மையைக் குறித்து முக்கால் மணி நேரம் பிரசங்கமும் பண்ணினார். இதை வாசிக்கும்போது அவர் இருமுவார். இருமட்டும்.

நாங்கள் பத்து மாதம் என்று எழுதினோம். மீதி நாலு மாதத்துக்கு, ஊரிலிருந்து திரும்பி இங்கே டயகமவில் சித்தப்பா வேலை செய்கிற தோட்டத்தில் நோயாகக் கிடந்தார் என்று ஒரு கதை கட்டினேன். நான்தான் கட்டினேன், என் கணவருக்கு அந்த மூளை கிடையாது. சித்தப்பாவிடம் கடிதம் வாங்கினேன். வேலைக்கு வந்தவர் பேரும் நாளும் பதிகிற பழைய செக்ரோல் புத்தகத்தை எலி தின்றுவிட்டது என்று சொல்ல ஆபீஸ் கிளாக்கரைச் சம்மதிக்க வைத்தேன். இனி ஒரு சாட்சி வேண்டும். பத்து மாதம் என்று ஒரு வார்த்தை சொல்ல ஓர் ஆள். யாரைக் கூட்டிப்போகலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். கங்காணி குடிகாரர். பாக்கியம் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்வாள். எஸ்தர் என்றால் துரைகூட மறுபேச்சு இல்லாமல் நம்புவார். பங்களாவில் ஒரு சாமான் காணாமல் போனால் லயத்தில் மற்ற காம்பராவையெல்லாம் சோதிப்பார்கள், அவள் வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் வேதத்தின் மேல் கை வைத்து ஒன்றைச் சொன்னால் எதிர்க்கேள்வி இருக்காது.

அதனால் அவளைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து இறங்கும்போது கொய்யா மரத்துப் பாதையில் வைத்துக் கேட்டேன். அப்போது அவள் என்ன பதில் சொன்னாள் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

விசாரணை நுவரெலியாவில். என் கணவர், நான், பதினாறு வயசு மகன் தானியேல், சின்னவள் மேரி, எஸ்தர், ஐந்து பேரும் பஸ் ஏறிப் போனோம். நல்ல குளிர். ஒரு மேசைக்குப் பின்னால் ஓர் உத்தியோகத்தர், பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல ஒருவர். என் கணவரை அரை மணி நேரம் குடைந்தார்கள். பத்து மாதம், டயகம, சித்தப்பா, எல்லாவற்றையும் நான் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். கடிதத்தைப் பார்த்தார்கள். தலையாட்டினார்கள். பிறகு எஸ்தரைக் கூப்பிட்டார்கள். வேதபுத்தகத்தின் மேல் கை வைத்தாள். அந்தக் கை நடுங்கியதை நான் பார்த்தேன். சரிதான், பயந்துவிட்டாள், பயந்தவள் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒங்க அண்ணன் இந்தியாவுக்குப் போனாரா?"

"போனாருங்க."

"எத்தனை மாசம் இருந்தாரு?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. தானியேலைப் பார்த்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

"பதினாலு மாசம்ங்க."

மொழிபெயர்ப்பவர் திரும்பக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவங்க பத்துன்னு எழுதியிருக்காங்க."

"யோசிக்க ஒண்ணும் இல்லீங்க. எம் புருஷன அடக்கம் பண்ணி ஒரு வாரத்துல அண்ணன் போனாரு. அவரு வருஷ ஜெபத்துக்கு அண்ணன் இல்ல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கழிச்சு வந்தாரு. பத்துன்னு சொல்லணும்னா எம் புருஷன் செத்த நாள நான் மாத்தணும். அத எப்படிங்க மாத்தறது?" பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா ஐயா, எங்கண்ணன் கைப்புள்ளையா வந்தவரு. இந்த மலையத் தவிர வேற தெரியாது. பெத்தவ சாகக் கெடந்தா, பாக்கப் போனாரு. அதையும் எழுதிக்குங்க."

அதை எழுதவில்லை. பதினாலு என்பதை மட்டும் எழுதினார்கள். பேனா மேசையில் உருண்டது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "உள்ளதத்தானே சொன்னா." அந்த மனுஷனை அங்கேயே பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. எஸ்தர் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்துபோய் அவள் முகத்துக்கு நேரே நின்று, பஸ்ஸில் இருந்த சிங்களவர் தமிழர் எல்லோரும் கேட்க, "நீ எங்களுக்குச் செத்துட்ட" என்றேன். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் நான் அவளோடு பேசவில்லை.

எங்கள் மனு தள்ளுபடியானது. மூன்று மாதம் கழித்து எஸ்தருடைய மனுவுக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. அவள் எங்கும் போகாதவள், மறைக்க ஒன்றும் இல்லாதவள். பொய் சொல்லாத சாட்சி என்று அந்த உத்தியோகத்தரே ஒரு குறிப்பு எழுதினாராம். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இலங்கைக்காரி, இந்தப் பக்கம் நாங்கள் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

சும்மா இருந்தேனா? இல்லை. பிள்ளைகளுக்கு அவளை "யூதாஸ் அத்தை" என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தேன். மேரி கூப்பிட்டாள். தானியேல் மாட்டேன் என்றான், அவனைக் கரண்டியால் அடித்தேன். தண்ணீர் பிடிக்கிற பீலியில் அவள் குடம் வைத்திருந்தால் காலால் நகர்த்திவிட்டு என் குடத்தை வைத்தேன். நீங்கள் மட்டும் என்ன செய்தீர்கள்? உங்கள் விசாரணை முடிகிற வரைக்கும் அவளைக் கண்டால் வேறு பாதையில் போனீர்கள். அவள் நிழல் பட்டால் உங்கள் மாதங்களும் கூடிவிடும் என்பதுபோல. மூப்பர் அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "பொய் சொல்லச் சொல்லல எஸ்தரு. மறந்து போச்சுன்னு சொல்லியிருக்கலாமே" என்றார். "மறக்கிற மாசமா மூப்பரே அது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்த அவளை விடவில்லை. அவள் செத்த பிறகு அவள் பெட்டியைத் தோளில் சுமக்க நான் முந்தி நீ முந்தி என்று வந்தீர்கள்.

பாக்கியம் ஒருத்திதான் அவளிடம் முகத்துக்கு முகம் கேட்டாள். "பயமில்லாமயா சொன்ன?" என்று. சுவருக்கு இந்தப் பக்கம் நான் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன், பதில் கேட்டது. "கை நடுங்குச்சு பாக்கியம். நாக்கு நடுங்கல. பயம் போனப்புறம் நம்பணும்னா நான் சாகற வரைக்கும் நம்ப முடியாது."

தானியேல் படித்தான். நல்ல மூளை. அரசாங்க வேலை ஒன்றுக்குப் பரீட்சை எழுதித் தேறினான். பிரஜாவுரிமைப் பத்திரம் கொண்டுவா என்றார்கள். இல்லை என்றான். போ என்றார்கள். வந்து காம்பராவில் சுவரைப் பார்த்துப் படுத்தவன் இரண்டு நாள் எழவில்லை.

மூன்றாம் நாள் எஸ்தர் பெரட்டுக்கு வரவில்லை. பேர் விழாமல் ஒரு நாள் இருக்காத பெண். தன் பத்திரத்தை வேதபுத்தகத்துக்குள் வைத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நுவரெலியாவுக்குப் பஸ் ஏறிவிட்டாள். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வயதானவர் வேலையிலிருந்து நின்றால், செக்ரோலில் அவர் பேரை வெட்டிவிட்டு அவர் பிள்ளை பேரைப் போடுவார்கள். நமக்குத் தெரிந்த அரசாங்கம் அதுதானே. இவள் போய் அந்த மேசைக்கு முன்னால் பத்திரத்தை வைத்தாளாம். "ஐயா, எனக்குப் புள்ள இல்ல. எம் பேர வெட்டிட்டு எங்கண்ணன் மகன் தானியேல் பேரப் போட்டுருங்க" என்றாளாம்.

"அம்மா, இது ஒங்க செக்ரோல் இல்ல" என்றிருக்கிறார் அங்கே இருந்த கிளாக்கர். "அப்படியே மாத்தினாலும் அதுக்கப்புறம் நீங்க என்னவா இருப்பீங்க?"

"ஒண்ணும் வேணாங்க. மனுசியா இருந்துக்கறேன்."

மூன்று மணி நேரம் நின்றாளாம். கடைசியில் பியூன் கையைப் பிடித்து வெளியே விட்டிருக்கிறான். அந்தப் பியூன் நம் கணக்கப்பிள்ளைக்கு மச்சான். மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை உரக்கக் கேட்டார்: "என்ன எஸ்தரு, நாட்டையே எழுதிக் குடுக்கப் போனியாமே? எனக்கும் ஒரு ஏக்கர் எழுதேன்!" எண்பது பேர் சிரித்தார்கள். பழைய கணக்குக்குப் பழி வாங்கிவிட்டார். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான். என் மகனுக்காகப் போய் நின்று அவமானப்பட்டு வந்தவளைப் பார்த்து நான் சிரித்தேன். அவள் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தாள். அந்தச் சிரிப்பு என் தொண்டையில் முள்ளாக இருக்கிறது. இருக்கட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

தானியேல் இந்தியாவுக்குப் போனான். பத்தொன்பது வயசு. கண்டும் இராத ஊருக்கு. ஹட்டன் ஸ்டேஷனுக்கு எஸ்தரும் வந்தாள், கையில் ஒரு பொட்டலம். அவனிடம் வரவிடாமல் நான் குறுக்கே நின்றேன். ரயில் நகரும்போது அவன் ஜன்னலில் தலையை நீட்டி என் தலைக்கு மேலாக "அத்தே!" என்று கத்தினான். "அம்மா" என்று கத்தவில்லை. பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது. அதன் பிறகு இன்றுவரை நான் அவனைப் பார்க்கவில்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு கடிதம் வரும். அதில் எப்போதும் ஒரு வரி இருக்கும், அத்தையோடு பேசுகிறீர்களா என்று. நான் அதற்குப் பதில் எழுதியதில்லை.

என் கணவர் நான்கு வருஷத்துக்கு முன் இறந்தபோது அவள் இஸ்தோப்பு வரைக்கும் வந்தாள். கூடப் பிறந்தவன். நான் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உள்ள வராத" என்று கூடச் சொல்லவில்லை, பேசினால் பேசியதாகிவிடுமே. கையைக் குறுக்கே நீட்டினேன். அவள் வெளியே தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் மழையில் நின்றே பாட்டுப் பாடினாள், பெட்டி வெளியே வருகிற வரைக்கும். அன்றும் மாரடிக்கவில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பதினொரு வருஷமும் ஒரு விடியற்காலைகூடத் தவறாமல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜெபம் கேட்கும். முதல் பேர் தானியேல். இரண்டாவது பேர் மதினி. என் பேரை நிறுத்து என்று சட்டியால் சுவரைத் தட்டுவேன். நிறுத்தமாட்டாள். சத்தத்தையும் குறைக்கமாட்டாள், கூட்டவும் மாட்டாள்.

நெஞ்சில் சளி கட்டி அவளை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அவள் என்னைக் கூப்பிடுகிறாள் என்று பாக்கியம் வந்து சொன்னாள். திங்கட்கிழமை போனேன். கட்டிலில் ஒரு பிடி எலும்பு.

"மதினி, வந்துட்டீங்களா."

"கூப்பிட்டியாமே."

"கூப்பிடல. ஜெபம் பண்ணேன். பாக்கியம் அதக் கேட்டுட்டு ஓடியாந்திருக்கா."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றபடியே கேட்டேன். பதினொரு வருஷம் வாய்க்குள் ஊறிக் கிடந்ததைக் கேட்டேன். "போகப் போற. இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லு. பத்துன்னு சொல்லியிருக்கலாம்னு சொல்லு. பொய்க்காவது சொல்லு. நான் எல்லாத்தையும் விட்டுட்டுப் போயிர்றேன்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண்ணை மூடியிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"பதினாலு மாசம் மதினி" என்றாள்.

சாகக் கிடப்பவளை அடிக்கக் கை ஓங்கியதில்லை நான். அன்றைக்குக் கை தூக்கிவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "எம் மகன் போனானேடி" என்றேன்.

"பாப்பீங்க."

"எப்ப?"

"தெரியாது. தெரிஞ்சா அதுக்குப் பேரு விசுவாசம் இல்ல மதினி, ரயில் நேரம்." சிரிக்கப் பார்த்தாள், இருமலாக வந்தது. இருமி ஓய்ந்த பிறகு கேட்டாள்: "அன்னைக்குக் கொய்யா மரத்துப் பாதையில நான் சொன்னத, யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல. நீ?"

"இல்ல."

"ஏன் சொல்லல? ஊரே யூதாசுன்னுச்சே. சொல்லியிருந்தா எம் மூஞ்சியில காறித் துப்பியிருப்பாங்களே."

"யாரும் கேக்கல மதினி."

இவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை மணி அடித்தது.

இனி அந்தப் பாதையில் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். நான் கதையை முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். டயகம, சித்தப்பா, பத்து மாதம். அவள் கேட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மதினி, என்னையக் கூட்டிப் போகாதீங்க. கங்காணியக் கூட்டிப் போங்க, பாக்கியத்தக் கூட்டிப் போங்க. நான் குறுக்க வரமாட்டேன், யாருகிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டேன். ஆனா என்னையக் கூட்டிப் போயி வேதத்து மேல கை வைக்கச் சொல்லிக் கேட்டா, சொல்லிருவேன். எனக்கு வேற மாதிரி வராது" என்றாள். அழுதாள். புருஷன் செத்தபோது வாய் திறந்து அழாதவள் அன்றைக்கு அந்தக் கொய்யா மரத்தடியில் வாய் விட்டு அழுதாள்.

நான் அதை நம்பவில்லை. தானியேல் முகத்தைப் பார்த்தால் மாற்றிச் சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதற்காகத்தான் பிள்ளைகளையும் கூட்டிப்போனேன். அவளுடைய உண்மையை வைத்து என் பொய்யை விற்கப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தாள். என் மகனை அனுப்பியது அந்தச் சட்டம். அந்தச் சட்டத்தின் முன்னால் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது நான்.

இப்போது இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று நம்மைப் பிரித்துக்கொண்டார்களாம். என் பேர் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. மேரியும் பேரப்பிள்ளைகளும் வேறு தோட்டத்தில், ஆனால் இந்த நாட்டில். போனால் மகன், இருந்தால் மகள். பாப்பீங்க என்று அவள் சொன்னது இதைத்தானா என்று கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. நேற்று விடியற்காலை சுவரைத் தட்டிப் பார்த்தேன். வெறும் சுவர்.

போதகர் ஐயா கேட்ட அந்த வரியை என்னால் எழுத முடியாது. தப்புச் செய்தவளைத்தான் மன்னிக்கலாம். அவளுடைய வேதபுத்தகத்தைக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டேன். சேலைகளைப் பாக்கியம் எடுத்துக்கொண்டாள். அவள் காம்பராவில் பிரிக்காமலே கிடந்த அந்த ஸ்டேஷன் பொட்டலம் தானியேலுடையது, அவனுக்கு அனுப்புவேன். எனக்கென்று நான் வைத்துக்கொண்டது கொய்யா மரத்தடியில் அவள் சொன்ன ஒரு சொல்தான். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றாள்.

உள்ளதை எழுதச் சொல்லிக் கேட்டீர்கள். சொல்லிவிட்டேன்.